சனிக்கோழிகளுக்குப் பணி விடுவிப்பு

புன்னைப்பட்டு நகராட்சி மயானத்தில் புல் நட்ட மூன்றாம் நாள் காலை, லோகநாயகி ஒரு கோழியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"உனக்குப் புண்ணியமாப் போவும், அந்தாண்ட போயி கிளறு."

கோழி தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தது. யோசித்தது போலவும் இருந்தது. பிறகு நின்ற இடத்திலேயே இரண்டு காலாலும் கிளறி, ஒரு சாண் புல்லைப் பின்னால் எறிந்தது. அதற்குப் பின்னால் இன்னும் நூற்று நாற்பத்திரண்டு கோழிகள் அதே வேலையாக இருந்தன.

மயானத்துக்குள் இத்தனை கோழி எப்படி வந்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. சனிப் பிணம் தனிப் போகாது. சனிக்கிழமை இறந்தவர் வழித்துணைக்கு ஆள் தேடுவார். வீட்டில் இருக்கிற யாரும் அகப்பட்டுக்கொள்ளக் கூடாதே என்று பாடையில் ஓர் உயிர்க்கோழியைக் கட்டி அனுப்பிவிடுவார்கள். புன்னைப்பட்டில் அந்தக் கோழியை மயான வாசலில் கட்டவிழ்த்து விடுவது வழக்கம். அதன்பிறகு அது போனவருடைய கோழி. அதைத் தொடக் கூடாது, விற்கக் கூடாது, தின்பதைப் பற்றி நினைக்கவே கூடாது. முன்பிருந்த காவலாளி ஒருவர் ஒரே ஒரு தடவை நினைத்தார். நினைத்ததோடு நிற்காமல் குழம்பும் வைத்தார். மறுநாளிலிருந்து விடியற்காலை நாலரைக்கு எழுந்து கூவ ஆரம்பித்தார். மூன்று நாள் கூவி, நாலாம் நாள் தொண்டை கட்டியதால்தான் நிறுத்தினார். அன்றிலிருந்து யாரும் அந்தப் பக்கம் கையை நீட்டவில்லை.

புன்னைப்பட்டில் வயதானவர்கள் பெரும்பாலும் சனிக்கிழமைதான் கண்ணை மூடுவார்கள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. பிள்ளைகள் சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை, கல்பாக்கத்தில் அணு வேலை. வாரநாளில் போனால் லீவு எழுதிக் கொடுக்க வேண்டும், மேனேஜர் முகத்தைப் பார்க்க வேண்டும். சனிக்கிழமை போனால் ஞாயிற்றுக்கிழமை பால் தெளித்துவிட்டுத் திங்கட்கிழமை வண்டி ஏறிவிடலாம். பெற்ற மனம் அப்படி. ஆனால் கோழிகள் சும்மா இருக்குமா? குஞ்சு பொரித்தன. குஞ்சுகள் வளர்ந்து அவையும் பொரித்தன.

லோகநாயகி அந்த மயானத்தின் கண்காணிப்பாளர். அதற்கு முன் பத்து வருஷம் நகராட்சிக் கொசு ஒழிப்புப் பிரிவில் புகை எந்திரம் சுமந்தவள். புடவை புகை, தலைமுடி புகை, டிபன் பாக்ஸில் தயிர்சாதமும் புகை. அவள் வீட்டில் கொசு இருந்ததில்லை, விருந்தாளியும் வந்ததில்லை. நாலு வருஷத்துக்கு முன் மயானத்துக்கு மாற்றியபோது ஆபீஸில் எல்லோரும் துக்கம் விசாரித்தார்கள். வந்து பார்த்தாள். கடற்காற்று, புன்னை மர நிழல், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சண்டைக்கு வராத ஜனங்கள். சொர்க்கத்துக்கு வழி இங்கேதான் என்பது சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

வந்த வேகத்தில் சீமைக்கருவேலத்தை வெட்டித் தள்ளினாள். மண்மூடிக் கிடந்த சமாதிகளைத் தேடி எடுத்து எண் போட்டாள். பதிவேட்டில் 'கிழவர் ஒருவர், மீசை உண்டு' என்று மட்டும் எழுதியிருந்த இடத்துக்கெல்லாம் வீடுவீடாகப் போய்ப் பெயர் வாங்கி வந்தாள். அரளி, நந்தியாவட்டை, தண்ணீர்த்தொட்டி, உட்கார நாலு சிமென்ட் பெஞ்சு, சுற்றிவர நடைபாதை. எல்லாம் இருந்தன. பெஞ்சில் உட்கார ஆள்தான் இல்லை. கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சியிலிருந்து ஓய்வுபெற்ற ஜானகிராமன் ஒருவர்தான் உயிரோடு வந்து நடைபயிற்சி செய்பவர்.

இந்த நிலைமையில்தான் ஆணையர் அவளைக் கூப்பிட்டார்.

"மேடம், மயானங்களுக்கு மார்க் போடப் போறாங்க. சென்னையிலேர்ந்து ஆய்வு அதிகாரி வராங்க. இன்னும் ரெண்டு மாசம். எழுபதுக்குக் கீழ வந்தா நிர்வாகத்தைத் தனியார் ஏஜென்சிகிட்ட குடுத்துடுவாங்க."

"நான் இன்னா ஆவேன் சார்?"

"அந்தப் புகை மெஷின் இன்னும் உங்க பேர்லதான் இருக்கு. வேற யாருக்கும் எழுதிக் குடுக்கலை."

லோகநாயகிக்கு அந்த இடத்திலேயே இருமல் வந்தது.

"புல்வெளிக்கு மட்டும் பதினஞ்சு மார்க். அதைப் பிடிங்க" என்றார் ஆணையர்.

பிடித்தாள். லாரியில் புல் வந்தது. குழி வெட்டும் செல்வராஜும் அவளுமாக இரண்டு நாள் குனிந்து நட்டார்கள். மூன்றாம் நாள்தான் இந்தக் கும்பிடு.

"மேடம், கும்பிட்டா போற கோழிங்க இல்ல இது" என்றான் செல்வராஜ். "ஒவ்வொண்ணும் ஒரு சாவு பாத்த கோழி. மனுசனுக்கு பயப்படாது."

வேலி கட்டினார்கள். கோழிகள் வேலிமேல் ஏறி வரிசையாக உட்கார்ந்து, கட்டி முடித்ததைப் பாராட்டுவது போல் கொக்கரித்துவிட்டு உள்ளே குதித்தன. நாய் ஒன்று கொண்டுவந்து விட்டார்கள். முதல் நாள் குரைத்தது. இரண்டாம் நாள் யோசித்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் கோழிகளோடு போய் அதுவும் அடைந்துவிட்டது.

ஜானகிராமன் ஒரு தாளில் வளைகோடு போட்டுக் காட்டினார். "பெருக்க விகிதத்தைப் பாருங்கம்மா. இப்படியே போனா அஞ்சு வருஷத்துல இந்த வார்டுல பெரும்பான்மை இதுங்கதான். கவுன்சிலர் சீட்டு கேட்டா நாம குடுத்துத்தான் ஆகணும்."

லோகநாயகி மார்க்கெட்டுக்குப் போய் கோழிக்கடை அப்துல் சுபஹானைப் பிடித்தாள். சுபஹான் கத்தியைத் துடைத்துக் கீழே வைத்துவிட்டு மரியாதையாகத்தான் கேட்டார்.

"லோகாக்கா, எனக்கு சனியும் ஒண்ணுதான், வெள்ளியும் ஒண்ணுதான். அல்லா குடுத்த நாளுல இன்னா நல்லது கெட்டது? ஆனா கஸ்டமருக்கு கீதே! ஒரே ஒரு கோழி அங்கேர்ந்து இங்க வந்துச்சுன்னு தெரிஞ்சா போதும். லெக் பீஸைக் கையில தூக்கிக் காட்டி, 'பாய், இது இன்னா கெழமை?'ன்னு கேப்பான். பேஜாரு அக்கா. கடைய மூடிகினு நானும் ஒங்ககிட்டயே வந்து படுத்துக்க வேண்டியதுதான்."

கடைசியாகச் செல்வராஜ் ஒரு வழி சொன்னான். நகராட்சிக் குப்பை வண்டியில் எண்பது கோழிகளை ஏற்றி, செங்கல்பட்டு தாண்டி, சிங்கப்பெருமாள் கோயிலும் தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதாகப் புறப்பட்டான். மத்தியானம் திரும்பி வந்தபோது எண்பதும் மயானத்தில் மேய்ந்துகொண்டிருந்தன.

"எப்படிடா ஒனக்கு முன்னாடி வந்துச்சுங்க?"

"டோல்கேட்ல வண்டி நின்னுச்சு மேடம். அதுங்களுக்கு டோல் இல்லியே."

லோகநாயகி பெஞ்சில் உட்கார்ந்தாள். நட்ட புல்லில் முக்கால்வாசி வேரைக் காட்டிக்கொண்டு வெயிலில் கிடந்தது. கண்ணை மூடினால் புகை எந்திரத்தின் டர்ர்ர் சத்தம் கேட்டது.

அப்போதுதான் சங்கரி வந்தாள். மீனவர் குப்பத்துப் பக்கம் வீடு. பதினாறு நாளைக்கு முன் ஒரு சனிக்கிழமை அவள் மாமியார் போய்ச் சேர்ந்திருந்தார். அன்று காலைதான் கருமாதி முடிந்திருந்தது. தலையில் எண்ணெய் காயவில்லை. அதற்குள் இடுப்பில் கையை வைத்து நின்றாள்.

"மேடம், எங்க அத்த போயி சேந்துட்டாங்களா?"

லோகநாயகிக்குப் புரியவில்லை. "பதினாறு நாள் ஆச்சேம்மா."

"அதத்தான் கேக்கறேன். இன்னிக்கு பதினாறு. காரியம் முடிஞ்சுது. ஐயரு, ஆத்மா சேர வேண்டிய எடத்துக்கு சேந்துடுச்சுன்னு சொல்லிட்டாரு. அப்ப தொணைக்கு போன எங்க கோழிக்கு இன்னும் இங்க இன்னா வேல?"

"எந்தக் கோழி?"

"தோ, அந்த செம்பட்ட. சாவு வூட்டு அவசரத்துல எங்க வூட்டுக்காரு இருக்கறதுலயே நல்லா முட்ட போடறத புடிச்சு கட்டிட்டாரு. அந்த மனுசனுக்கு ஒரு வேல ஒழுங்கா தெரியாது. பஸ் ஏத்தி வுட வந்தவங்க பஸ் ஸ்டாண்டுலயே குடித்தனம் பண்ணுவாங்களா? எனக்கு என் கோழி வோணும்."

செல்வராஜ் வாயைத் திறந்தான். லோகநாயகி கையைக் காட்டி அடக்கினாள். நாலு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. பதினாறாம் நாள் போனவரே போய்ச் சேர்ந்துவிட்டார். துணைக்குப் போன கோழி மட்டும் ஏன் மேய்ந்துகொண்டே இருக்க வேண்டும்?

"தாராளமா எடுத்துகினு போம்மா."

சங்கரி அசையவில்லை. "எழுத்துல குடுங்க."

"கோழிக்கா?"

"எங்க வூட்டுக்காரு நம்ப மாட்டாரு மேடம். அந்தக் காவலாளி கூவுன கதைய சொல்லி சொல்லியே நடுங்குவாரு. கவர்மென்ட்டு சீல் இருந்தா ஒத்துக்குவாரு. ரேஷன் கார்டுல அவரு பேரு தப்பா கீது. சீல் போட்டுட்டாங்கன்னு அஞ்சு வருசமா அந்தப் பேருக்குத்தான் திரும்பிப் பாக்கறாரு."

லோகநாயகி அலுவலக அறைக்குப் போய் நகராட்சித் தாளை எடுத்தாள். பத்து வருஷம் ஆபீஸில் புகை அடித்தவளுக்கு ஆணை எப்படி இருக்கும் என்று தெரியாதா? மேலே ந.க. எண் போட்டாள். பொருள்: சனிக்கிழமைத் துணைக்கோழி, செம்பட்டை நிறம், பெட்டை, பணியிலிருந்து விடுவித்தல் தொடர்பாக. பார்வை: மேற்படி இறந்தாரின் மருமகள் திருமதி சங்கரி நேரில் அளித்த கோரிக்கை. அதற்குக் கீழே எழுதினாள்:

'மேற்படி கோழி, மேற்படி இறந்தாரை உரிய இடத்தில் உரிய காலத்தில் சேர்ப்பித்து, ஒப்படைக்கப்பட்ட பணியை நல்ல முறையில் நிறைவு செய்துள்ளதால், பதினாறாம் நாளாகிய இன்று பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறது. இதன்பின் இக்கோழிக்கும் மறுமைக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை எனச் சான்றளிக்கப்படுகிறது.'

வட்ட முத்திரையை ஊதி ஓங்கிக் குத்தினாள். சங்கரி தாளை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். முத்திரையைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு நேராகப் போய்ச் செம்பட்டைக் கோழியின் இறக்கையைப் பற்றித் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "வா, உன் டூட்டி முடிஞ்சுது" என்று நடந்தாள்.

மறுநாள் காலை அந்தக் கோழி முட்டை போட்டது. சங்கரியின் கணவர் ஆணையைக் கையில் பிடித்துக்கொண்டே ஆம்லெட் சாப்பிட்டார். ஊரே வாசலில் நின்று பார்த்தது. அடுத்த நாள் விடியலில் அவர் கூவவில்லை. ஏழரை வரை குறட்டை விட்டார்.

அவ்வளவுதான். எட்டு மணிக்கு மயான வாசலில் வரிசை நின்றது.

"மேடம், எங்கப்பாவுது ரெண்டு வருசம் ஆவுது. ஓவர்டைம் வேற பாத்துருக்குது அது."

"மேடம், எங்க சித்தப்பா கூட போனது வெள்ளச் சாவல். இப்ப இங்க மூணு வெள்ளச் சாவல் கீது, எது எங்களுது?"

"யோவ், ஒங்க சித்தப்பா உசுரோட இருக்கச்சயே யாருகூடவும் ஒத்துப்போவ மாட்டாரு. அவருகூட போன கோழி தனியாத்தான் மேயும். தோ, அங்க ஓரமா நிக்குது பாரு" என்று வரிசையில் பின்னால் நின்றவர் கையைக் காட்டினார்.

மயானத்திலேயே பொரித்த குஞ்சுகள் விஷயத்தில் கொஞ்சம் சிக்கல் வந்தது. அவை யாரோடும் துணைக்குப் போனவை அல்ல; பணியில் சேராத கோழியை எப்படி விடுவிப்பது? ஜானகிராமன் நடையை நிறுத்தி ஆலோசனை சொன்னார். அவற்றுக்குத் தனியாக, 'இக்கோழி எக்காலத்திலும் எப்பணியிலும் இருந்ததில்லை' என்று சான்று தயாரானது. செல்வராஜ் அதற்கு மை தொட்டுக் கொடுத்தான். சுபஹான் வந்து முப்பது சேவல்களுக்கு மொத்தமாக ஓர் ஆணை வாங்கினார். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கடையில் அன்றைய விலைப்பலகைக்குப் பக்கத்தில் மாட்டினார். பிறகு யாரும் கிழமை கேட்கவில்லை. 'பாய், சீல் போட்டது இருக்கா?' என்று கேட்டார்கள்.

பதினோரு நாளில் மயானம் காலியானது. நாய் மட்டும் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தது.

லோகநாயகி திரும்பவும் புல் நட்டாள். சாயங்காலம் சாயங்காலம் தண்ணீர் விட்டாள். ஒரு மாதத்தில் புல் வேர் பிடித்து, பாய் விரித்த மாதிரி சமாதிகளுக்கு நடுவே பச்சையாகப் படர்ந்தது. நடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். பதினைந்துக்குப் பதினைந்து என்று அவளே மனசுக்குள் மார்க் போட்டுவிட்டாள்.

ஆய்வுக்கு ஆறு நாள் இருக்கும்போது புழு வந்தது.

விரல் நீளப் பச்சைப்புழு. முதல் நாள் ஒரு மூலையில் புல் மஞ்சளித்தது. அடுத்த நாள் அந்த மூலை இல்லை. ஜானகிராமன் காதை வைத்துக் கேட்டுவிட்டு, மெல்லுகிற சத்தம் வயதான தன் காதுக்கே கேட்பதாகச் சொன்னார். மருந்து அடித்தால் ரசாயனத்துக்கு ஐந்து மார்க் கழிவு என்று படிவத்திலேயே எழுதியிருந்தது.

"இத்தன நாளா இந்தப் புழு எங்கடா இருந்துச்சு?" என்றாள் லோகநாயகி.

செல்வராஜ் தலையைச் சொறிந்தான். "கோழி வயித்துல."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"வேர் புடிச்ச புல்ல கோழி புடுங்காது மேடம். புழுவத்தான் கொத்தும். ஆனா குடுத்தத திருப்பிக் கேட்டா வூட்டுக்கு வூடு தொடப்பக்கட்டதான். அதுவும் மறுபடியும் டூட்டின்னு சொன்னா, யாருகூட போவுதோன்னு பயப்படுவாங்க."

லோகநாயகி நேராக அலுவலக அறைக்குப் போனாள். அரசாங்கத்தில் விடுவித்தல் ஒன்றுதானா இருக்கிறது? அயற்பணி என்று ஒன்று இருக்கிறது. ஆள் உங்கள் ஆள்தான், கொஞ்ச நாளைக்கு வேறு இடத்தில் வேலை. 'மேற்படி கோழி, முற்றிலும் பூச்சி ஒழிப்புப் பணிக்காக மட்டும், தினமும் காலை ஆறு முதல் ஒன்பது வரை, ஐந்து நாட்களுக்கு அயற்பணியில் அழைக்கப்படுகிறது. இது எவருடைய துணைக்கும் அல்ல' என்று எழுதி முத்திரை குத்தி, செல்வராஜை சைக்கிளில் அனுப்பினாள்.

சுபஹான் மட்டும் தலையை ஆட்டிவிட்டார். "அக்கா, என்னுது முப்பதும் ரிட்டையர் ஆயிடுச்சு."

மற்றவர்கள் கொண்டுவந்தார்கள். ஆனால் ஒருவரும் கோழியை விட்டுவிட்டுப் போகவில்லை. அயற்பணிக்குப் போன ஆள் திரும்பி வராத கதை எல்லாக் குடும்பத்திலும் ஒன்று இருந்தது. கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கோழி மேல் ஒரு கண், ஊர்க்கதையில் இரு காது என்று காத்திருந்தார்கள். முதல் நாள் வாசலோரம் நின்றார்கள். இரண்டாம் நாள் பெஞ்சுக்கு வந்தார்கள். மூன்றாம் நாள் பெஞ்சு போதாமல், "மாமா, கொஞ்சம் நகுந்துக்கறேன்" என்று போனவர்களிடமே சொல்லிவிட்டுச் சமாதித் திண்டில் உட்கார்ந்தார்கள். ஃபிளாஸ்கில் டீ வந்தது, தூக்குவாளியில் நாஸ்தா வந்தது. நாலாம் நாள் இருபத்தேழாம் எண் சமாதியருகே ஒரு கல்யாணமே பேசி முடிந்தது. பையனுக்குச் சிறுசேரியில் வேலை, பெண் வீட்டுக் கோழி நல்ல சுறுசுறுப்பு. புழு குறைந்துகொண்டே வந்தது.

ஐந்தாம் நாள் ஆய்வு. அதிகாரி பத்தரைக்கு வருவார் என்று கடிதம் சொன்னது. ஒன்பதுக்குள் கோழிகளை அனுப்பிவிட்டு, பெருக்கி, கோலமும் போட்டுவிடலாம் என்பது லோகநாயகியின் திட்டம். அதிகாரியோ முந்தின நாளே மாமல்லபுரத்தில் வந்து தங்கி, விடிந்ததும் கடலைப் பார்த்துவிட்டு, ஏழே காலுக்கு மயான வாசலில் ஜீப்பை நிறுத்திவிட்டார்.

இறங்கியவர் பெயர் பிரிசில்லா. ஒல்லியான உருவம், கஞ்சி போட்ட புடவை, கையில் படிவம் செருகிய அட்டை. பதினைந்து வருஷம் தணிக்கையில் இருந்தவர். அவர் முகத்தில் கடைசியாகச் சிரிப்பு வந்தது எந்த நிதியாண்டில் என்று யாருக்கும் தெரியாது. கண் எதிரே அறுபது கோழி, எண்பது ஜனம், இட்லி வாசனை.

"இங்க இன்சார்ஜ் யாரு?"

லோகநாயகி முன்னால் வந்தாள். தொண்டையில் பத்து வருஷத்துப் புகை ஏறியது.

"நான்தாங்க மேடம்."

"என்ன இதெல்லாம்?"

"அயற்பணி மேடம்."

"யாரு?"

"கோழிங்க."

பிரிசில்லா கையை நீட்டினார். "ஃபைல்."

செல்வராஜ் கொண்டுவந்து கொடுத்தான். அதிகாரி நின்றபடியே படித்தார். விடுவிப்பு ஆணைகளைப் படித்தார். பணியில் சேராமைச் சான்றுகளைப் படித்தார். அயற்பணி ஆணைகளைப் படித்தார். எண்பது பேரும் டீயைக் கையில் பிடித்தபடி குடிக்காமல் பார்த்தார்கள். லோகநாயகிக்குப் புகை எந்திரத்தின் வார், தோளில் எந்த இடத்தில் அறுக்கும் என்பது கூட ஞாபகம் வந்துவிட்டது.

"இதை யார் எழுதினது?"

"நான்தாங்க மேடம். வேற யாருக்கும் சம்பந்தம் இல்ல."

"ந.க. எண் வரிசையா இருக்கு. பொருள் இருக்கு, பார்வை இருக்கு. பெறுநர், நகல் எல்லாம் இருக்கு." பிரிசில்லா ஒரு தாளை எடுத்து விரலால் தட்டினார். "ஆனா எல்லா விடுவிப்பிலயும் ஒரு பெரிய தப்பு பண்ணியிருக்கீங்க."

லோகநாயகி கண்ணை மூடிக்கொண்டாள்.

"விடுவிச்சது முற்பகலா, பிற்பகலா? போடவே இல்ல. பதினஞ்சு வருஷமா ஊர் ஊரா இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது. நேரம் போடாம ஒருத்தரை விடுவிச்சா, அந்த அரை நாள் அவங்க யார் பொறுப்பு?"

அந்த அரை நாளில் கோழி இந்த உலகப் பொறுப்பா, அந்த உலகப் பொறுப்பா என்று லோகநாயகி நிஜமாகவே யோசித்தாள். ஜானகிராமன் சட்டைப்பையிலிருந்த பேனாவைக் கழற்றி நீட்டினார். செல்வராஜ் முதுகை வளைத்து மேசையானான். அவன் முதுகில் வைத்து ஒவ்வொரு தாளிலும் 'பிற்பகல்' என்று எழுதினாள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பிரிசில்லா சுருக்கொப்பம் போட்டார். ஜனங்களுக்கு உயிர் வந்தது, டீயைக் குடித்தார்கள்.

பிறகு அதிகாரி மயானத்தைச் சுற்றி நடந்தார். குழாயைத் திறந்து பார்த்தார். பதிவேட்டில் ஓர் எண்ணைச் சொல்லி, அந்தச் சமாதியைக் காட்டச் சொன்னார். லோகநாயகி பதிவேட்டைப் பார்க்காமலே கூட்டிப்போய்க் காட்டி, உள்ளே இருப்பவருக்கு வெற்றிலைக்கு எந்தக் கடைச் சுண்ணாம்பு பிடிக்கும் என்பது வரை சொன்னாள். எல்லாவற்றுக்கும் அட்டையில் எண் விழுந்துகொண்டே வந்தது. ஒரு கேள்விக்கு வந்ததும் பிரிசில்லா நின்றார்.

"'பொதுமக்கள் அச்சமின்றி வந்துசெல்கிறார்களா?' பத்து மார்க். இருபத்திரண்டு ஊர் பாத்துட்டேன். யாருக்கும் ஒண்ணுக்கு மேல போட்டதில்ல."

நிமிர்ந்து பார்த்தார். சங்கரியும் இன்னொருத்தியும் ஒரு சமாதிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு, புல்லில் கிடந்த முட்டை எந்தக் கோழி போட்டது என்று சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எங்க செம்பட்ட முட்ட எனக்குத் தெரியாதாடி?"

"ஆமா, ஒங்க மாமியார வந்து சாட்சி சொல்ல சொல்லு!"

பிரிசில்லா பத்துக்குப் பத்து போட்டார். புல்வெளிக்குப் பன்னிரண்டு.

லோகநாயகியால் பொறுக்க முடியவில்லை. "மூணு மார்க் எதுக்கு மேடம் கொறச்சீங்க?"

"முட்டை கிடக்கு."

மொத்தம் எழுபத்தொன்பது வந்தது. ஜீப்பில் ஏறும்போது சங்கரி ஓடிவந்து, சண்டையில் ஜெயித்த முட்டையைத் தாளில் சுற்றி நீட்டினாள். தணிக்கையில் இருந்தவர் கைநீட்டி வாங்குவாரா? வாங்கவில்லை. ஆனால் அது பணியில் இருக்கும் கோழியின் முட்டையா, விடுவிக்கப்பட்ட கோழியின் முட்டையா என்று ஒரு நிமிஷம் நின்று விசாரித்துவிட்டுத்தான் போனார்.

பத்து நாள் கழித்து நகராட்சியிலிருந்து உறை வந்தது. தனியார் ஏஜென்சி யோசனை கைவிடப்பட்டது. புகை எந்திரம் வேறொருவர் பெயருக்கு மாற்றப்பட்டது. லோகநாயகி அதை இரண்டு தடவை தனக்குள் படித்தாள். மூன்றாவது தடவை, அரளிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த செல்வராஜுக்காகச் சத்தமாகப் படித்தாள்.

"'திருமதி லோகநாயகி, மறு உத்தரவு வரும்வரை இதே மயானத்தில் தொடர அனுமதிக்கப்படுகிறார்.'"

செல்வராஜ் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சுற்றிலும் ஒரு தடவை பார்த்தான்.

"கவலயே படாதீங்க மேடம். இங்க வந்தவங்க யாருக்கும் இதுவரிக்கும் மறு உத்தரவு வந்ததே இல்ல."

லோகநாயகி உறையால் அவன் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு வாசலுக்கு நடந்தாள். கோழிக்கூடையும் ஃபிளாஸ்குமாக நாலைந்து பேர் கேட்டுக்கு வெளியே காத்திருந்தார்கள். அயற்பணி முடிந்துவிட்டது, புழுவும் இல்லை என்று நேற்றும் சொல்லி அனுப்பியிருந்தாள். அவர்கள் நம்பவில்லை போலிருக்கிறது. லோகநாயகி கேட்டைத் திறந்துவிட்டாள்.